ஆறு மாதமா, பன்னிரண்டு வாரமா, இருபத்தெட்டு நாளா? எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான டிபி தடுப்பு மாத்திரைகள்: ஓர் ஒப்பீடு

"வைரல் லோடு நன்றாகக் குறைந்துவிட்டது, சிடி4 ஏறியிருக்கிறது, இருமல்கூடக் கிடையாது. அப்புறம் எதற்கு டிபி மாத்திரை?" கடலூர், புதுச்சேரிப் பக்கம் எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மருந்து எடுக்கிறவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. (வைரல் லோடு என்பது ரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு, சிடி4 என்பது நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை.) அதற்குப் பதில் கிடைத்ததும் அடுத்த கேள்வி வந்துவிடும்: "என் கூட வந்தவருக்கு ஆறு மாதம் தினமும் போடச் சொன்னார்கள். இன்னொருவருக்கு வாரம் ஒரு தடவைதான். எனக்கு எது சரி?"

முதல் கேள்விக்குச் சுருக்கமாகவும் இரண்டாவதற்கு விரிவாகவும் பதில் சொல்கிறேன். கடைசி முடிவு உங்கள் ஏ.ஆர்.டி. மருத்துவரோடு பேசி எடுப்பது. ஆனால் எதைக் கேட்க வேண்டும், எதைச் சொல்ல மறக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டு போனால் அந்தப் பத்து நிமிடப் பேச்சு வீணாகாது.

## எதற்காக இந்த மாத்திரை

டிபி கிருமி காற்றில் வருவது. உலக மக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் உடம்பில் அது என்றைக்கோ நுழைந்திருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நுழைந்தவுடன் நோய் வந்துவிடாது. நோய் எதிர்ப்புச் சக்தி அதைச் சுற்றி வளைத்து அடக்கி வைத்திருக்கும். இருமல், காய்ச்சல் எதுவும் இருக்காது, பக்கத்தில் இருப்பவருக்குப் பரவவும் செய்யாது. மறைந்திருக்கும் டிபி தொற்று என்பது இந்த நிலைதான்.

எச்.ஐ.வி. இல்லாத ஒருவருக்கு இந்த அடங்கிய கிருமி விழித்து நோயாக மாறும் வாய்ப்பு வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து 5 முதல் 10 சதவீதம். எச்.ஐ.வி. இருந்து மருந்து எடுக்காதவருக்கு ஏறக்குறைய அதே அளவு ஆபத்து ஒவ்வொரு வருடமும் இருக்கிறது. ஏ.ஆர்.டி. தொடங்கினால் டிபி வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் குறைகிறது. இது பெரிய லாபம். ஆனால் மிச்சமிருக்கும் ஆபத்து, எச்.ஐ.வி. இல்லாதவரின் ஆபத்தைவிட இன்னும் அதிகம்தான். எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரைப் பறிக்கும் நோய்களில் இன்றைக்கும் முதலிடம் டிபிக்கு.

ஏ.ஆர்.டி.யோடு தடுப்பு மாத்திரையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல சான்று ஐவரி கோஸ்ட்டில் நடந்த டெம்ப்ரானோ ஆய்வு. ஆறு மாதம் ஐசோநியாசிட் எடுத்தவர்களிடம் இறப்பு 37 சதவீதம் குறைவாக இருந்தது. ஏ.ஆர்.டி. சீக்கிரம் தொடங்கியவர்களுக்கும் தாமதமாகத் தொடங்கியவர்களுக்கும் அந்தப் பலன் கிடைத்தது. "எனக்குத்தான் நன்றாக இருக்கிறதே" என்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். நன்றாக இருக்கும்போது போடுவதற்கான மாத்திரை இது.

## தேர்வு செய்யும் முன் பார்க்க வேண்டியவை

டிபி நோயாக இல்லை என்று உறுதியாகியிருக்க வேண்டும். இதில் சமரசமே கூடாது. இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவில் வியர்த்தல் என்று நான்கு கேள்விகளை ஒவ்வொரு முறையும் ஏ.ஆர்.டி. மையத்தில் கேட்பார்கள். மாத்திரையை வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் "ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். இருமல் ஒரே ஒரு நாள் இருந்தாலும் சொல்லுங்கள். ஏ.ஆர்.டி. எடுக்கிறவர்களுக்கு அறிகுறிகள் மங்கலாகவே தெரியும் என்பதால், நெஞ்சு எக்ஸ்ரேயும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. உள்ளே நோய் இருக்கும்போது ஒன்றிரண்டு மருந்தை மட்டும் கொடுத்தால் அது சிகிச்சையும் ஆகாது, கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும் ஆபத்தும் உண்டு.

உங்கள் ஏ.ஆர்.டி. மாத்திரை எது. பலருக்கு இப்போது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில் வருகின்றன. சிலர், முதல் மருந்து பலிக்காதபோது கொடுக்கும் இரண்டாம் வரிசை மருந்தில் இருக்கிறார்கள். தடுப்பு மருந்துகளில் சில, ஏ.ஆர்.டி. மருந்தின் அளவை ரத்தத்தில் சடாரென்று குறைத்துவிடும். டிபியைத் தடுக்கப் போய் வைரல் லோடு ஏறினால் நஷ்டம் பெரிது. உங்கள் மாத்திரையின் பெயர் தெரியாவிட்டால் டப்பாவையே எடுத்துப் போங்கள்.

முடிக்க முடியுமா. என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமான அளவுகோல் இது. கீழே வரும் முறைகள் ஒவ்வொன்றும், முழுதாக முடித்தால் நல்ல பாதுகாப்பு தருபவை. பாதியில் விட்டால்தான் எல்லாம் கெடுகிறது.

கல்லீரலும் நரம்பும். எல்லா முறைகளிலும் ஐசோநியாசிட் இருக்கிறது. அது கல்லீரலைத் தொடும், கை கால் நரம்புகளையும் தொடும். குடிப்பழக்கம், மஞ்சள் காமாலை, ஹெபடைட்டிஸ் பி அல்லது சி, பாதத்தில் ஏற்கெனவே எரிச்சல் அல்லது மரத்துப்போதல் இருந்தால் மருத்துவர் காதில் போட்டே ஆக வேண்டும்.

கர்ப்பம், கருத்தடை, மற்ற மருந்துகள். சர்க்கரை மாத்திரை, வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை எல்லாமே இந்தக் கணக்கில் வரும்.

வீட்டில் தெரியுமா, தெரியாதா. புதுச்சேரியில் "கோரிமேட்டுக்குப் போனேன்" என்றாலே பக்கத்து வீட்டில் நெஞ்சு ஆஸ்பத்திரியை நினைத்துக்கொள்ளக்கூடும். யார் கண்ணிலாவது பட்டுவிடுவோமோ என்று கடலூரிலிருந்து புதுச்சேரிக்கும், புதுச்சேரியிலிருந்து இந்தப் பக்கமும் மருந்து வாங்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எத்தனை மாத்திரை, எத்தனை மாதம், டப்பாவை எங்கே வைப்பது என்பதெல்லாம் சின்ன விஷயமே இல்லை. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் நிலையை வெளியே சொல்வதைத் தடை செய்கிறது. "எனக்கு இது வெளியே தெரியக் கூடாது" என்று மையத்தில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலரிடம் தயங்காமல் சொல்லி, அதற்கேற்ற முறையைக் கேட்கலாம்.

## வழி 1: "முதலில் டெஸ்ட், அப்புறம் பார்க்கலாம்"

மாந்தூ ஊசி, ஐ.ஜி.ஆர்.ஏ. ரத்தப் பரிசோதனை, 2022இல் இந்தியாவில் அனுமதி பெற்ற சி-டிபி ஊசி ஆகியவை உடம்பில் கிருமி நுழைந்திருக்கிறதா என்று காட்டும். மாந்தூ ஊசி போட்டால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மறுபடி வந்து தடிப்பை அளக்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவருக்கு 5 மில்லிமீட்டர் தடிப்பே பாசிட்டிவ் கணக்கு.

இந்த வழியைப் பலர் எச்சரிக்கையான வழி என்று நினைக்கிறார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்கள் விஷயத்தில் அது அப்படி இல்லை. சிடி4 குறைவாக இருக்கும்போது உடம்பே எதிர்வினை காட்டாது. கிருமி இருந்தும் நெகட்டிவ் வரலாம். யாருக்கு மாத்திரை மிகவும் தேவையோ அவர்களையே பரிசோதனை தவறவிடும். பாசிட்டிவ் வந்தாலும், அடங்கியிருக்கும் தொற்றா, நோயா என்று அது பிரித்துச் சொல்லாது. அதனால்தான் எச்.ஐ.வி. உள்ள பெரியவர்களுக்கு இந்தப் பரிசோதனை கட்டாயம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் இந்திய டிபி ஒழிப்புத் திட்டமும் சொல்கின்றன. நோய் இல்லை என்று தெரிந்தால் தொடங்கிவிடலாம்.

மறைமுகச் செலவு என்ன? தனியார் லேபில் ரத்தப் பரிசோதனைக்கு ஆகும் பணம், மாந்தூ அளக்க இன்னொரு நாள் கூலி இழப்பு, எல்லாவற்றுக்கும் மேல் காலதாமதம். ரிசல்ட்டுக்குக் காத்திருந்து, அப்புறம் பொங்கல் போகட்டும் என்று தள்ளி, கடைசியில் தொடங்காமலே விட்டவர்கள் நிறையப் பேர்.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? கல்லீரல் பிரச்சினை போன்ற காரணத்தால் மாத்திரை கொடுப்பதா வேண்டாமா என்று மருத்துவரே தயங்கும் இடத்தில், பரிசோதனை முடிவு ஒரு பக்கம் சாய்க்க உதவும். மற்றவர்கள் இதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

## வழி 2: ஆறு மாதம், தினமும் ஐசோநியாசிட்

நம் ஊரில் அதிகம் பழக்கமானது இதுதான். ஐசோநியாசிட் (சுருக்கமாக ஐ.என்.எச்.) 300 மில்லிகிராம் ஒரு மாத்திரை, கூடவே நரம்பைக் காக்கும் வைட்டமின் பி6, தினமும், ஆறு மாதம். குறிப்புகளில் 6எச் என்று எழுதுவார்கள்.

இதன் பெரிய பலம், எந்த ஏ.ஆர்.டி. மருந்தோடும் மோதாமல் இருப்பது. டோலுடெக்ராவிர், எஃபாவிரென்ஸ், இரண்டாம் வரிசையில் வரும் அட்டாசனாவிர், லோபினாவிர், எதுவானாலும் சேர்த்து எடுக்கலாம். கருத்தடை மாத்திரையைக் கெடுக்காது. தினமும் ஏ.ஆர்.டி. போடுகிறவருக்குக் கூட இரண்டு மாத்திரை, அவ்வளவுதான். தனி நாள், தனி நேரம் நினைவு வைக்க வேண்டியதில்லை. ஏ.ஆர்.டி. மாத்திரை வாங்கப் போகும்போது இதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம்.

பலவீனம், நீளம். தென்னாப்பிரிக்கா, எத்தியோப்பியா, மொசாம்பிக் மூன்று நாடுகளிலும் எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், ஆறு மாத முறையை முடித்தவர்கள் ஏறத்தாழ 50 சதவீதம். பன்னிரண்டு வார முறையை முடித்தவர்கள் ஏறத்தாழ 90 சதவீதம். இரண்டும் ஒரே மாதிரி மக்கள். நோய் இல்லாத உடம்புக்கு ஆறு மாதம் மருந்து போடுவது மனசுக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை இந்த இரண்டு எண்களே காட்டுகின்றன. மூன்றாவது மாதத்தில் "போதும்" என்று தோன்றும்.

மறைமுகச் செலவு இரண்டு உண்டு. நம் கரையோரத்தில் இரண்டுமே முக்கியம்.

ஒன்று, குடி. கடலூர்க்காரர்களுக்கு எல்லை தாண்டினால் கன்னியக்கோயிலிலேயே கடை. புதுச்சேரியில் விலையும் குறைவு. ஐசோநியாசிட்டும் மதுவும் ஒரே கல்லீரலில் சேர்ந்தால் மஞ்சள் காமாலை வரும் வாய்ப்பு கூடுகிறது. தினமும் குடிக்கிறவருக்கு ஆறு மாதம் நிறுத்து என்று சொல்வது லேசில்லை என்று தெரியும். ஆனால் குடியை மறைத்து மாத்திரை வாங்குவது, மாத்திரை வாங்காமல் இருப்பதைவிட ஆபத்தானது. உண்மையைச் சொன்னால் மருத்துவர் முதலில் கல்லீரல் பரிசோதனை எடுப்பார், இடையிடையே பார்ப்பார், தேவைப்பட்டால் தள்ளிப்போடுவார்.

இன்னொன்று, மீன். இதை மையத்தில் எல்லாரும் எடுத்துச் சொல்வதில்லை. சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்களில், அதுவும் ஐஸ் சரியில்லாமல் கொஞ்ச நேரம் கிடந்த மீனில், ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். சாதாரணமாக உடம்பு அதை உடைத்துவிடும். ஐசோநியாசிட் அந்த வேலையைத் தடுக்கிறது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து சூடேறும், தலை வலிக்கும், நெஞ்சு படபடக்கும், சிலருக்கு அரிப்பும் வாந்தியும் வரும். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அன்றோடு நிறுத்திவிடுவார்கள். தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ இருப்பவரிடம் ஆறு மாதம் மீனே வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. சூரையையும் சூரைக் கருவாட்டையும் இந்தக் காலம் முழுக்கத் தவிர்த்து, மற்ற மீனைப் புதிதாக வாங்கி அன்றைக்கே சமைத்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது. படபடப்பு அதிகமானால் ஆஸ்பத்திரிக்குப் போய், ஐ.என்.எச். எடுக்கிறேன், இந்த மீன் சாப்பிட்டேன் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

யாருக்கு இது சிறந்தது: கர்ப்பிணிகள் (இதைக் கீழே தனியாகப் பேசுகிறேன்), ரிட்டோனாவிர் சேர்ந்த இரண்டாம் வரிசை மருந்தில் இருப்பவர்கள், நெவிராபின் எடுப்பவர்கள், கருத்தடை மாத்திரையை நம்பியிருப்பவர்கள், ஏ.ஆர்.டி.யை ஒரு நாள்கூடத் தவறவிடாத ஒழுங்கு உள்ளவர்கள்.

## வழி 3: வாரம் ஒரு நாள், பன்னிரண்டு வாரம்

ஐசோநியாசிட்டும் ரிஃபாபென்டினும் சேர்ந்தது. 3எச்பி என்பார்கள். வாரத்தில் ஒரே நாள், மொத்தம் 12 தடவை. இரண்டு மருந்தும் சேர்ந்த கூட்டு மாத்திரை என்றால், பெரியவருக்கு ஒரு தடவைக்கு மூன்று மாத்திரை. தனித்தனி மாத்திரையாகக் கொடுத்தால் ரிஃபாபென்டின் மட்டுமே ஆறு, ஐசோநியாசிட் மூன்று, அதற்கு மேல் பி6. உள்ளங்கை நிறைந்துவிடும். எது கிடைக்கும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டோடு எடுத்தால் ரிஃபாபென்டின் நன்றாக உடம்பில் சேரும், வயிற்றுக்கும் நல்லது.

டோலுடெக்ராவிர் எடுப்பவர்களுக்கு ஒரு பயம் இருந்தது. ரிஃபாபென்டின் அந்த மருந்தின் அளவைக் குறைக்குமே என்று. தென்னாப்பிரிக்காவில் நடந்து 2020இல் வெளியான டால்ஃபின் ஆய்வு அந்தப் பயத்தைப் போக்கியது. வைரல் லோடு அடங்கியவர்கள் தினமும் 50 மில்லிகிராம் டோலுடெக்ராவிரை அப்படியே தொடர்ந்து, கூடவே 3எச்பியும் எடுத்தார்கள். வைரஸ் அடங்கியே இருந்தது. டிபி நோய்க்குச் சிகிச்சை எடுக்கும்போது டோலுடெக்ராவிரைக் கூடுதலாக இன்னொரு வேளை கொடுப்பார்கள். அது ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்து தினமும் போவதால். அதைப் பார்த்துவிட்டு "எனக்கு மட்டும் ஏன் ஒரு வேளை?" என்று குழம்ப வேண்டாம்.

எஃபாவிரென்ஸோடும் சிக்கல் இல்லை. ஆனால் அட்டாசனாவிர், லோபினாவிர் போன்ற ரிட்டோனாவிர் சேர்ந்த மருந்துகளோடும் நெவிராபினோடும் இதை எடுக்கக் கூடாது. இது "பார்த்துக்கொள்ளலாம்" வகை எச்சரிக்கை கிடையாது, முழுத் தடை.

கல்லீரல் பாதிப்பு நீண்ட ஐசோநியாசிட் முறையைவிட இதில் குறைவு. வேறு இரண்டு விஷயங்கள் உண்டு. மருந்து எடுத்த சில மணி நேரத்தில் ஃப்ளூ மாதிரி காய்ச்சல், உடம்பு வலி, தலைசுற்றல் வரலாம். பெரும்பாலும் மூன்றாவது, நாலாவது வேளைக்குப் பிறகுதான் தலைகாட்டும், ஒரு நாளில் அடங்கிவிடும். தலைசுற்றி மயக்கமே வந்தால், மூச்சுத் திணறினால், அடுத்த வேளையைப் போடாமல் மையத்துக்குப் போக வேண்டும்.

அடுத்தது, நிறம். சிறுநீர், வியர்வை, கண்ணீர் ஆரஞ்சு நிறமாகும். வெள்ளைச் சட்டையின் அக்குளில் கறை விழலாம், காண்டாக்ட் லென்ஸ் நிறம் மாறிவிடும். மருந்தின் நிறம் அது, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் சிறுநீர் கறுத்த டீ நிறத்துக்குப் போய், கண்ணும் மஞ்சளாகி, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டினால் அது கல்லீரல். அப்போது எல்லா டிபி தடுப்பு மாத்திரையையும் நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வீட்டில் தெரியாமல் எடுப்பவர்கள் ஆரஞ்சு நிறத்தையும் கணக்கில் வையுங்கள். பொதுக் கழிப்பறை இருக்கும் வீட்டில் யாராவது கேட்கக்கூடும்.

கருத்தடை மாத்திரை, கையில் பதிக்கும் ஹார்மோன் குச்சி ஆகியவற்றின் பலனை ரிஃபாபென்டின் குறைத்துவிடும். இந்த மூன்று மாதத்துக்கு ஆணுறையோ காப்பர்-டியோ வேண்டும். சில சர்க்கரை மாத்திரைகள் வேலை செய்வது குறையலாம், அதனால் சர்க்கரையை இடையில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கவே கூடாது.

"வாரத்தில் ஒரு நாள்தானே மாத்திரை, மற்ற நாளில் குடிக்கலாம்" என்று ஒரு பேச்சு இருக்கிறது. கூடாது. பன்னிரண்டு வாரமும் நிறுத்துவதுதான் பாதுகாப்பு. மீன் விஷயத்திலும் அதே எச்சரிக்கைதான். ஐசோநியாசிட் இதிலும் இருக்கிறது, அதுவும் ஒரே வேளையில் 900 மில்லிகிராம். மருந்து நாளிலும் மறுநாளும் சூரை வேண்டாம்.

ஒரு வேளை மறந்தால்? இரண்டு நாளுக்குள் நினைவு வந்தால் உடனே எடுத்துவிட்டு, வழக்கமான கிழமையிலேயே தொடரலாம். இரண்டு நாளைத் தாண்டிவிட்டால், நினைவு வந்த அன்று எடுத்துவிட்டு அந்தக் கிழமையையே புதிய நாளாக வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வேளைக்கு நடுவே நாலு நாளாவது இடைவெளி இருக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. இரண்டு வாரத்து மாத்திரையைச் சேர்த்து ஒரே நாளில் விழுங்கிவிடக் கூடாது.

யாருக்குச் சிறந்தது: டோலுடெக்ராவிரில் நிலையாக இருக்கும், கர்ப்பமில்லாத பெரும்பாலான பெரியவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். சிப்காட்டில் ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவர்கள், பண்ருட்டி முந்திரி வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் டப்பா வைக்க இடமில்லாதவர்கள் எல்லாருக்கும் பன்னிரண்டு முறை என்பது கண்ணுக்குத் தெரியும் தூரம். காலண்டரில் பன்னிரண்டு வட்டம் போட்டு ஒவ்வொன்றாக அடிக்கலாம். இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் எடைக்கேற்ற அளவில் இது உண்டு.

## வழி 4: இருபத்தெட்டு நாள், தினமும்

அதே இரண்டு மருந்துகள், ஆனால் தினமும், ஒரே மாதம். பெயர் 1எச்பி. 2019இல் வெளியான பிரீஃப்-டிபி ஆய்வில் எச்.ஐ.வி. உள்ள 3,000 பேர் பங்கேற்றார்கள். ஒரு மாதம் எடுத்தவர்களும் ஒன்பது மாதம் ஐசோநியாசிட் எடுத்தவர்களும் பாதுகாப்பில் சமமாக இருந்தார்கள். முடித்தவர்கள் 97 சதவீதம், ஒன்பது மாதக்காரர்களில் 90. பதின்மூன்று வயதுக்கு மேல்தான் இது.

கேட்கவே ஆசையாக இருக்கும். ஆனால் இரண்டு விஷயத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஆய்வில் ஏ.ஆர்.டி. எடுத்தவர்கள் எஃபாவிரென்ஸ் போன்ற பழைய மருந்தில் இருந்தவர்கள், டோலுடெக்ராவிரில் இல்லை. ரிஃபாபென்டின் தினமும் போகும்போது டோலுடெக்ராவிரை எப்படிக் கொடுப்பது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், நாமாகக் கணக்குப் போடக் கூடாது. இரண்டாவது, கிடைப்பது. இந்தியாவின் 2021 வழிகாட்டுதலில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்பட்டவை 6எச், 3எச்பி இரண்டும்தான். இலவசமாக வேண்டுமென்றால் அந்த இரண்டிலிருந்து தேர்வு செய்வது நடைமுறைக்கு எளிது. 1எச்பி உங்கள் மையத்தில் உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம். இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

விசைப்படகில் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். படகு கரையில் நிற்கும் அந்தக் காலத்துக்குள் 28 நாள் முறை முழுசாக அடங்கிவிடும். பன்னிரண்டு வாரம் என்பது 84 நாள், கொஞ்சம் வெளியே போகும். ஆனாலும் தடைக்காலத்தின் முதல் வாரத்திலேயே 3எச்பி தொடங்கினால் எட்டு வேளையாவது கரையிலேயே முடிந்துவிடும். பக்கவிளைவு அதிகம் வரும் மூன்றாவது, நாலாவது வேளையும் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கும்போதே தாண்டிவிடும். மிச்ச வேளைகளை, படகு கரைக்கு வரும் நாளாகப் பார்த்துக் கிழமையை அமைத்துக்கொள்ளலாம். நடுக்கடலில் தலைசுற்றினால் இறங்க இடம் கிடையாது. அதனால் கடல் தொழில் செய்பவர்கள் தொடங்கும் தேதியைத் தாங்களே யோசித்துவிட்டு மையத்தில் கேட்பது நல்லது.

## வழி 5: மூன்று வருடம்

டிபி அதிகம் பரவும் இடங்களில் 36 மாதம் ஐசோநியாசிட் என்ற யோசனையும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையில் உண்டு. திரும்பத் திரும்பத் தொற்று வருவதைத் தடுக்கலாம் என்பது எண்ணம். சென்னையில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் தென்னிந்தியாவில் எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் ஓர் ஆய்வு செய்தது. 36 மாத ஐசோநியாசிட் ஒரு பக்கம், ஆறு மாதம் ஐசோநியாசிட்டும் எதாம்பியூட்டால் என்ற இன்னொரு டிபி மருந்தும் மறுபக்கம். 2012இல் வந்த முடிவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நம் மக்களிடமே பார்த்த முடிவு என்பதால் எனக்கு இதுவே போதும். இந்த வழியைத் தேடிப் போக வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | 6எச் | 3எச்பி | 1எச்பி |
|---|---|---|---|
| மருந்து | ஐசோநியாசிட் | ஐசோநியாசிட், ரிஃபாபென்டின் | ஐசோநியாசிட், ரிஃபாபென்டின் |
| எத்தனை தடவை | தினமும், 6 மாதம் | வாரம் ஒன்று, மொத்தம் 12 | தினமும், 28 நாள் |
| டோலுடெக்ராவிரோடு | சரி | சரி, அளவு மாற்ற வேண்டாம் | மருத்துவர் முடிவு |
| ரிட்டோனாவிர் சேர்ந்த மருந்தோடு | சரி | கூடாது | கூடாது |
| கர்ப்பத்தில் | மருத்துவரோடு பேசி | வேண்டாம் | வேண்டாம் |
| கருத்தடை மாத்திரை | பாதிக்காது | பலன் குறையும் | பலன் குறையும் |
| சிறுநீர் நிறம் | மாறாது | ஆரஞ்சு | ஆரஞ்சு |
| பெரிய கவலை | பாதியில் நிற்பது, கல்லீரல் | ஃப்ளூ மாதிரி எதிர்வினை | கிடைப்பது |

## கர்ப்பமாக இருந்தால்

இங்கே அவசரமும் வேண்டாம், பயமும் வேண்டாம். ரிஃபாபென்டின் கர்ப்பத்தில் பாதுகாப்பானதா என்பதற்குப் போதிய தரவு இல்லாததால் 3எச்பி, 1எச்பி இரண்டும் தள்ளுபடி. மிச்சம் 6எச். ஏ.ஆர்.டி.யில் இருந்த கர்ப்பிணிகளிடம் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், கர்ப்பத்திலேயே ஐசோநியாசிட் தொடங்கியவர்களுக்கு, குழந்தை பிறந்த பிறகு தொடங்கியவர்களைவிட, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை போன்ற சிக்கல்கள் கூடுதலாக இருந்தன. மற்ற ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த உலக சுகாதார நிறுவனம், கர்ப்பத்தைக் காரணமாக வைத்து மாத்திரையை மறுக்கக் கூடாது என்ற நிலையிலேயே இருக்கிறது.

அதனால் இதற்கு ஒரே பதில் கிடையாது. வீட்டில் யாருக்காவது இப்போது டிபி இருந்தாலோ, சிடி4 மிகவும் குறைவாக இருந்தாலோ, காத்திருப்பதில்தான் ஆபத்து அதிகம். சிடி4 நன்றாக இருந்து, வீட்டில் டிபி யாருக்கும் இல்லையென்றால், பிரசவத்துக்குப் பின் தொடங்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்வி. தாய்ப்பால் கொடுக்கும்போது ஐசோநியாசிட் எடுக்கலாம்.

## இந்த ஒப்பீட்டுக்கு வெளியே இருப்பவர்கள்

வீட்டில் மருந்துக்கு அடங்காத எம்.டி.ஆர். டிபி யாருக்காவது இருந்து அவர்களோடு நீங்கள் இருந்தால், மேலே சொன்ன மாத்திரைகள் உங்களுக்கானவை இல்லை. அந்தக் கிருமி ஐசோநியாசிட்டுக்கு அசையாது. அதற்கு லீவோஃப்ளாக்சசின் என்ற வேறு மருந்து இருக்கிறது. மாத்திரை வாங்கும் முன் "எங்கள் வீட்டில் ஒருவர் எம்.டி.ஆர். சிகிச்சையில் இருக்கிறார்" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

முன்பு டிபி வந்து முழுசாகக் குணமானவர்கள் "எனக்குத்தான் வந்து போய்விட்டதே" என்று இதைத் தவிர்க்கிறார்கள். ஒரு முறை வந்தது மறுமுறை வராமல் காப்பதில்லை. அவர்களுக்கும் தடுப்பு மாத்திரை உண்டு.

## தொடங்கும்போதும் முடித்த பிறகும்

தொடங்கும் நாளிலேயே மையத்தின் தொலைபேசி எண்ணை வாங்கி வையுங்கள். பக்கவிளைவு எப்போதும் மையம் மூடியிருக்கும் நேரத்தில்தான் வரும். எச்.ஐ.வி. தொடர்பான சந்தேகங்களுக்கு 1097 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

முடித்தவர்கள் மறுபடி மறுபடி எடுக்க வேண்டுமா? மேலே சொன்ன மூன்று நாட்டு ஆய்வு இதையும் பார்த்தது. ஏ.ஆர்.டி.யில் இருப்பவர்களுக்கு ஒரு வருடம் கழித்து இரண்டாவது சுற்று 3எச்பி கொடுத்ததில் கூடுதல் பலன் தெரியவில்லை. ஒரு தடவை ஒழுங்காக முடித்தால் போதும். ஆனால் அந்த நான்கு கேள்விகளுக்கு ஒவ்வொரு முறையும் நேர்மையாகப் பதில் சொல்வதை விடக் கூடாது. புதிய கிருமி வெளியிலிருந்து வரலாம்.

முடித்த தேதியை, ஏ.ஆர்.டி. மையம் உங்களுக்குத் தரும் பச்சைப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கடலூர் தமிழ்நாட்டுத் திட்டத்தின் கீழ், புதுச்சேரி தனித் திட்டத்தின் கீழ். வேலைக்காகவோ கல்யாணமாகியோ எல்லை தாண்டி மையம் மாறும்போது, ஏ.ஆர்.டி. விவரத்தோடு இந்த விவரமும் போய்ச் சேர வேண்டும். எழுத்தில் இல்லாவிட்டால், முடித்ததையே மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்லலாம். பாதியில் மாறுகிறீர்கள் என்றால் எத்தனை வேளை முடிந்தது, கடைசி வேளை எந்தத் தேதி, கையில் எத்தனை மாத்திரை மிச்சம் என்ற மூன்றையும் மாறுதல் கடிதத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள்.